ஒரே செலவு என்றீர்கள், மதினி

மதினி,

நேற்று சிவகாசியில் பல் டாக்டருக்குப் பணம் கொடுக்கப் பர்சைத் திறந்தேன். உங்கள் வாயிலிருந்து கழற்றிய ஸ்க்ரூ தரையில் விழுந்து உருண்டு ஓடியது. காத்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொள்ள, குனிந்து தேடி எடுத்தேன். கையில் எடுத்ததும் உங்கள் மேல் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது.

என் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிவிட்டது. வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போட்டால் காப்பாற்றலாம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார் டாக்டர். மகனிடம் போனில் சொன்னேன். "அதுக்கு எதுக்கும்மா அலையிறீக? புடுங்கிட்டு இம்பிளாண்ட் வச்சிருங்க. ஒரே செலவு, தொல்லை விட்டுச்சு" என்றான். அப்படியே உங்கள் வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே ரூமில் வெடிக்கு நூல் கட்டினோம். வெடிமருந்து இருக்கிற இடம், இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் கத்தி, கத்தரி, பிளேடு எதுவும் உள்ளே போகக் கூடாது. வெளியிலேயே அளவாக வெட்டித்தான் நூலைத் தர வேண்டும். சீசனில் ஆர்டர் நெருக்கும்போது யார் வெட்டுகிறார்கள்? நூலைக் கண்டாகவே தூக்கிப் போடுவார்கள். பல்லால் கடித்துக் கடித்துக் கட்டுவோம். உங்கள் முன்பல் விரிசல் விட்டது அப்படித்தான்.

அன்றைக்கும் டாக்டர், பல்லை எடுக்க வேண்டாம், கேப் போட்டுக் கவனமாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். "அடிக்கடி வந்து நிக்க நமக்கு ஏது லீவு? மக கல்யாணம் வேற வருது. புடுங்கிட்டு இம்பிளாண்ட் வச்சா ஒரே செலவு" என்று நீங்கள்தான் பிடுங்கச் சொன்னீர்கள். போனஸும் சீட்டுப் பணமும் அதோடு போயின. எலும்பில் ஸ்க்ரூ வைத்து, அது பிடிக்க மாதக்கணக்கில் காத்திருந்து, பல் மாட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. கல்யாண வீடியோவில் பெண்ணைவிட நீங்கள்தான் அதிகம் சிரிக்கிறீர்கள். கம்பெனி வேனிலும் அதே பேச்சு. "வாசல்ல பையெல்லாம் சோதிக்கிறாக. நான் இரும்ப வாயிலேயே வச்சு உள்ள கொண்டு போறேன், ஒருத்தருக்கும் தெரியல" என்பீர்கள். வேனே சிரிக்கும்.

தினமும் ஈறோரம் நன்றாகத் தேயுங்கள், செக்கப்புக்கு வாருங்கள் என்று டாக்டர் சொன்னதை மட்டும் நீங்கள் காதில் வாங்கவில்லை. "இதுல என்ன சொத்தையா விளப் போகுது?" என்றீர்கள். சொத்தை விழாதுதான். ஈறு என்ன பாவம் செய்தது? ரத்தம் கசிந்தது, துப்பிவிட்டு வேலைக்கு வந்தீர்கள். நூலையும் அதே பல்லால் கடித்தீர்கள். சொந்தப் பல் என்றால் கூச்சமாவது காட்டிக்கொடுத்திருக்கும். இதற்குள் நரம்பு ஏது? இருக்கன்குடி கோயிலில் பொங்கல் வைத்துச் சாப்பிடும்போது அது ஆடியது. எலும்பு கரைந்துவிட்டது என்றார் டாக்டர். முதலில் எலும்பு வைத்து, அது ஆறிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டுமாம். செலவும் முதலிலிருந்து.

நீங்கள் திரும்பப் போகவில்லை. கழற்றிய ஸ்க்ரூவை என் கையில் வைத்து, "என் போனஸு, பத்திரமா வச்சிரு தாயி" என்றீர்கள். அதுதான் உங்கள் கடைசி வேடிக்கை. மாரடைப்பு உங்களைக் கொண்டுபோகிற வரைக்கும் முந்தானையால் வாயைப் பொத்தியேதான் பேசினீர்கள். மாலை போடக் கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். பல் தெரியச் சிரிக்கிற படம் ஆகாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். சுவரில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள்.

என் பல்லைப் பிடுங்க நான் விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலைந்துகொள்கிறேன். இன்று காலையில் நூல் கண்டாகவே வந்தது. வெட்டித் தந்தால்தான் கட்டுவேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே கொண்டுபோய் வெட்டி வந்தார். இவ்வளவுதான் வேலை, மதினி. அன்றைக்கும் இவ்வளவுதான் இருந்திருக்கும்.

ஸ்க்ரூ என் பர்சிலேயே இருக்கிறது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை, புதிது போல மின்னுகிறது. தினமும் கம்பெனி வாசலில் பர்சைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். கொடுக்கும்போதெல்லாம் நீங்கள் வேனில் சொன்னது நினைவுக்கு வருகிறது. சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குக் கோபம்தான் வருகிறது.