மணியக்காரர் நீட்டிய கை

அன்புள்ள அண்ணிக்கு,

இதனால் கெங்கவல்லிவாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில், நம் மொட்டைவால் சேவல் நேற்று முதல் மணியக்காரர் வீட்டுக் கூரையில் குடியேறிவிட்டது. இறங்க மறுக்கிறது.

இன்னொரு சேதி. பர்மாச் சண்டையில் அண்ணன் பயந்து ஓடும்போது செத்தான் என்று ஊர் சொன்னது பொய். காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிட்டு, மிச்சமிருந்தவனைத் தூக்கத் திரும்பியபோதுதான் குண்டுபட்டதாம். பட்டாளத்து அதிகாரி நேற்று மெடல் கொடுக்கப் போட்ட பந்தலில் எல்லோர் முன்னும் வாசித்தார். மெடல் இப்போதுதான் வந்திருக்கிறது.

"ஓடிப்போனவன் ஊட்டுத் தீர்த்தக்குடம் கோயலுக்குள்ள வரக்கூடாது" என்று மாரியம்மன் நோம்பியில் நம்மை மறித்தாரே மணியக்காரர், அவரேதான், "நம்மூட்டுப் பையனுங்க, ஊர் சார்பா நான் வாங்கிக்கறனுங்க" என்று கையை நீட்டினார். நம்மூட்டுப் பையனாம். எனக்குப் பற்றி எரிந்தது. இவர்கள் பேச்சுத் தாங்காமல்தானே நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போனீர்கள்? பந்தல் அதிர ஒரு போடு போட்டேன்: "கையை மடக்குங்க. இது எங்க அண்ணியோடது. அன்னைக்குக் குடத்தைத் தள்ளுன கை இதைத் தொடக்கூடாதுங்க."

மெடல் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. நீங்கள் வந்துதான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீராதிவீரக் கொழுந்தன்

பி.கு.: அந்தப் போடு போட்டது அம்மா. "எம்மருமவளோடது" என்றுதான் சொன்னது. நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன். சேவலைக் கூரையில் ஏற்றியது மட்டும் சத்தியமாய் நான்தான்.