சந்தைச் சதுக்கம், எட்டாம் எண் வீடு

கௌனாஸ், நவம்பர் 3

அன்புள்ள தம்பி,

நான் எழுதிய நம் ஊர் வரலாற்று நூலில் சந்தைச் சதுக்கத்து எட்டாம் எண் வீட்டைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. 1941 கோடை வரை அது காகன் என்ற யூதக் குடும்பத்தின் வீடு. ஆறு பேரையும் காட்டில் சுட்டுப் புதைத்தார்கள். அடுத்த மாதம் நம் தாத்தா குடிபுகுந்தார். இன்று நீ வசிக்கிறாய். அச்சுக்கு முன், அந்த ஆறு பேரின் பெயர்களும் இருந்த அந்தப் பக்கத்தை உனக்கு அனுப்பினேன். மூன்று மாதம் நீ பேசவில்லை. நானும் அதை நீக்கவில்லை.

வெளியீட்டு விழாவில் அதை வாசித்ததும் பக்கத்து வீட்டு ஜெனோனாஸ் எழுந்தார்.

"ஏம்மா படிச்சவளே, உன் தம்பி படுத்திருக்கிறது அடுத்தவன் வீடுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

நீ எழுந்தபோது, நம் உறவு அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"அக்கா உண்மையத்தானே எழுதியிருக்கா. நீங்க உக்காருங்க மாமா. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நம்ம ஆளுங்களுக்கு மட்டும் விளக்கு வாங்குறோம். இந்தத் தடவை காட்டுக்கும் ஆறு விளக்கு கொண்டுபோறேன்."

மேடைப் பேச்சை நான் நம்புவதில்லை. அதனால் நேற்று காட்டுக்கு வந்தேன். பைன் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன், நீ பார்க்கவில்லை. ஒவ்வொரு விளக்காக ஏற்றி, ஒவ்வொரு பெயராகச் சொன்னாய், கையில் தாள் இல்லாமல். மூன்று மாதமாக அந்தப் பக்கத்தை நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது.

நேரில் சொல்ல எனக்கு வராது. நன்றி.

உன் அக்கா