கட்டம் கட்டமாகிப்போன பாட்டுப் பெயர்கள்

5 ஜூலை 2009, ஞாயிறு

முத்துவீரன் மச்சான் காலையில் வந்துவிட்டுப் போனார். உட்காரவில்லை. என் மனைவி பவுனு என்னை விட்டுக் குச்சனூருக்கு, அண்ணனான அவர் வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. இனித் திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். ஆடிச் சனிக்கிழமைக் கோயில் கூட்டம் ஓயட்டும், ஆவணியில் பெரியாட்களை வைத்துக் கல்யாணத்தை அத்துவிட்டுக்கொள்ளலாம் என்றார். சீர் சாமான்களை அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். பீரோ, கட்டில், கிரைண்டர், கம்ப்யூட்டர்.

செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார்: "மாப்ள, பவுனு ஒண்ணே ஒண்ணுதேன் சொல்லிவிட்டா. கம்ப்யூட்டர்ல அவ பாட்டு இருக்காம். அதுல ஒண்ணுகூட அழியக் கூடாதாம்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? நான்கு மாதத்தில் நான் ஒரு போன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை. யார் முதலில் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவணி வந்துவிடும்.

7 ஜூலை

கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். நீலத் திரை வந்து அப்படியே நின்றுவிட்டது. தலை தீபாவளிக்கு வந்த சாமான். மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறது, இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொடுகிறேன். உத்தமபாளையத்தில் வக்கீல் குமாஸ்தாவாகப் பகலெல்லாம் மனுவும் பிராதும் தட்டுகிறவன் வீட்டிலும் வந்து தட்டுவானா? அது அவள் பாடு என்று விட்டுவிட்டேன்.

11 ஜூலை, சனி

கம்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சூரியபிரகாஷ் வந்தார். வைரஸ் என்றார். பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். பாட்டெல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்றார். இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டம், வரிசையாக.

"இது என்னங்க?"

"தமிழ்ல பேரு வச்சிருப்பாக போல. பாட்டுப் பாடுதுல்ல சார், பேரு என்னத்துக்கு?"

ஒன்றைப் போட்டுக் காட்டினார். பாடியது. அடுத்த வேலை இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

12 ஜூலை

பேரு என்னத்துக்கா? பெயரில்லாத ஒரு கேஸ் கட்டை ஆபீசில் யாராவது என்னிடம் நீட்டட்டும், முகத்தில் எறிவேன்.

பவுனு இதைப் பார்த்தால் வேண்டுமென்றே அழித்துவிட்டான் என்பாள். ஊர் கூடி உட்கார்ந்திருக்கும்போது சொல்வாள். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம். தினம் காலையில் ஆபீஸ் கிளம்புமுன் ஒவ்வொன்றாகக் கேட்டு நானே பெயர் வைத்துவிடுவது என்று முடிவு. தேதிவாரியாக அடுக்கிக்கொண்டேன், பழசு முதலில்.

14 ஜூலை

வீம்பில் இறங்கிவிட்டேன். பாட்டின் பெயர் எனக்கு எங்கே தெரிகிறது? சினிமா பார்க்கிற வழக்கமும் இல்லை. தமிழில் அடித்தாலும் கட்டம்தான் வருகிறது, இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கிறது. கட்டுக்குக் குறிப்பு எழுதுவது போலவே எழுதினேன்.

ஆண் குரல், சோகம், வயலின் அதிகம்.
பெண் குரல், துள்ளல்.
இருவர், ஒருவரை ஒருவர் பேச விடவில்லை.

இன்றைக்கு நான்கு.

17 ஜூலை

ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, மறுபடி ஒரு தடவை போட்டேன். ஆபீசுக்குப் பத்து நிமிடம் லேட். 'ஆண் குரல், மெதுவானது, நல்லா இருக்கு' என்று பெயர் வைத்தேன். கடைசி இரண்டு வார்த்தை குறிப்புக்குத் தேவையில்லை. இருக்கட்டும்.

24 ஜூலை

நாற்பது முடிந்தது. இந்த வேகத்தில் போனால் ஆவணியில் முடியாது, ஐப்பசி ஆகிவிடும். இதையெல்லாம் பவுனு எப்போது உட்கார்ந்து கேட்டாள்? நான் வீட்டில் இருக்கும்போது ஒரு நாளும் பாட்டுச் சத்தம் கேட்டதில்லையே. சத்தம் எனக்குப் பிடிக்காது என்று நினைத்திருப்பாளோ? பிடிக்காது என்று நான் சொன்னதாக ஞாபகமில்லை. பிடிக்கும் என்றும் சொன்னதில்லை.

25 ஜூலை, சனி

சூரியபிரகாஷ் ஒரு சிடியை இங்கே மறந்துவிட்டதாக வந்தார். நான் உட்கார்ந்து பெயர் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ, என்ன சார் வேலை இது! பேரெல்லாம் உள்ள அப்படியேதேன் இருக்கும். நாந்தேன் தமிழப் போடாம விட்டுட்டேன். ஒரே ஒரு டிக்கு சார்!"

கன்ட்ரோல் பேனலில் மொழிக்கான இடத்துக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். விண்டோஸ் சிடியைக் கேட்டது, போட்டார். அணைத்துத் திரும்பப் போட்டதும் எல்லாம் தமிழில் வந்து நின்றது.

பாட்டுப் பெயரே இல்லை. எல்லாம் பவுனு அவளாக வைத்த பெயர்.

'அம்மாவப் பாக்கப் போகணும், கேக்கப் பயம்.'
'திராட்சைத் தோட்டம் கூட்டிப் போறேன்னாக, போகல.'
'புதுச் சேலை, பாக்கல.'

அப்புறம் 'பேசாத நாள் 1'. ஆறு வரை போய் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி ஒன்றிலிருந்து பதினொன்று வரை. கடைசியில் இந்த வருடம், அவள் அண்ணன் மகள் காதுகுத்துக்கு எனக்கு முந்தியே கிளம்பிப் போய்விட்டாள் என்று நான் பேச்சை நிறுத்தியபோது, மறுபடி ஒன்றிலிருந்து. பேசாத நாள் 37. அதற்கு மேல் இல்லை. அன்றைக்குத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முப்பத்தேழா? பத்துப் பதினைந்து நாள் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூரியபிரகாஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மாற்றின நாற்பதும் திரும்ப வருமா என்று கேட்டேன்.

"அது வராது சார். மாத்துனது மாத்துனதுதேன்."

அந்த நாற்பதும் கல்யாணமான புதிதில் வைத்த பெயர்கள். அப்போது என்ன எழுதியிருந்தாள்? சண்டை ஒன்றும் கிடையாது அப்போது. நல்லதைப் பூராவும் என் கையாலேயே அழித்துவிட்டு, பேசாத நாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

26 ஜூலை

சாப்பிடப் பிடிக்கவில்லை.

2 ஆகஸ்ட்

எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன்: ஏலே மலைச்சாமி, ஒனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? கோர்ட்டு வாசல்ல எதிர்க்கட்சி வக்கீல் குமாஸ்தாகிட்ட ஒரு மணி நேரம் நின்னு பேசத் தெரியுதுல்ல? வீட்டுக்குள்ள நுழைஞ்சா மட்டும் என்ன வந்துருது ஒனக்கு? கோவம்னா கத்திருக்கலாம். கத்துனா அவளும் கத்துவா, அதோட முடிஞ்சிருக்கும். நீ பெரிய இவன் மாதிரி தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிப் போன.

அடிக்கவில்லை, குடிக்கவில்லை, என்னிடம் என்ன குறை என்று இத்தனை நாளும் ஊரில் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

8 ஆகஸ்ட்

போன் பண்ணினேன். முத்துவீரன் மச்சான் எடுத்தார். "என்ன மாப்ள?" கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். இதைச் சொல்லவா அரை மணி நேரம் போனைக் கையில் வைத்திருந்தேன்!

30 ஆகஸ்ட், ஞாயிறு

குச்சனூர். அவள் பெரியப்பா அம்மாவாசி வீட்டு முன்னால் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். டெம்போவில் சாமான் எல்லாம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெரியப்பாதான் கேட்டார். "ஒனக்கு இந்தப் பிள்ளைட்ட என்னப்பா கொறை? மனசுல உள்ளதச் சொல்லு."

"அவகிட்ட கொறை இல்ல. நாந்தேன் பேசாம இருந்தேன். கடைசியா முப்பத்தேழு நாள். அப்புறம், அவ பாட்டுல நாப்பதுக்கு வச்சிருந்த பேர அழிச்சிட்டேன். தெரியாமத்தேன் செஞ்சேன்."

"பாட்டுக்கு என்னப்பா பேரு? பாடுனாப் போதாதா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பவுனு சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மிச்சத்த வாசிச்சீகளா?"

"வாசிச்சேன்."

"இத வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாம்ல? ஊரக் கூட்டித்தேன் வாயத் தொறக்கணுமா?"

பெரியப்பா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "என்னத்தா, யோசிக்கிறியா?" என்று அவளிடம் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். இழுத்து அறுத்துவிட்டால் அத்துவிட்டதாக அர்த்தம். கோர்ட்டில் இது செல்லாது. எனக்குத் தெரியும். அங்கே வைத்து அதைச் சொல்லவா முடியும்?

நான் இழுக்கவில்லை. அவள்தான் இழுத்தாள். என் கையில் சின்னத் துண்டுதான் மிஞ்சியது.

வலித்தது. சும்மா ஒரு வைக்கோல்தானே என்று நினைத்துக்கொண்டுதான் பிடித்தேன்.

13 செப்டம்பர்

பீரோ இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருக்கிறது. சோறு நானே வடிக்கிறேன். இரண்டு நாள் குழைந்தது.

9 அக்டோபர், வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பவுனு போன் பண்ணினாள். ஆபீசை விட்டு வெளியே வந்து, ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்று எடுத்தேன்.

"கம்ப்யூட்டர் ஓடுதா?" என்றேன்.

"ஓடுது. நீங்க பேரு வச்ச நாப்பதையும் இன்னைக்குத்தேன் ஒக்காந்து பாத்தேன். 'பெண் குரல், எதுக்கு அழுகுது தெரியல'ன்னு ஒண்ணு இருக்கு. சிரிச்சிட்டேன். அங்கன அடுப்படில இருந்து அண்ணன் என்ன ஏதுன்னு கேட்டாக."

"ஒனக்கு வேணுங்கிறபடி மாத்திக்க."

"மாத்தல. கெடக்கட்டும்."

முன்பு என்றால் இந்த இடத்தில் சரி என்று போனை வைத்திருப்பேன்.

"பழைய பேரு ஒண்ணாச்சும் ஞாபகம் இருக்கா, பவுனு?" என்று கேட்டேன்.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மொதப் பாட்டு ஞாபகம் இருக்கு," என்றாள். "'உப்பு கூடிப்போச்சு, ஒண்ணும் சொல்லாமச் சாப்புட்டாக.' அப்ப நீங்க பேசாம இருக்கிறத நல்ல கொணம்னு நெனச்சேன்."

இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

"உப்பு கூடத்தேன் இருந்துச்சு."

சிரித்தாள். நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்தாள். அப்புறம் அண்ணன் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.