மேனேஜரின் இடது கண்

புதன்கிழமை, மாலை

அன்புள்ள உங்களுக்கு,

எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுதத்தான் கை போனது. எழுதினால் பொய்யாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான். வீட்டிலிருக்கும் மற்ற இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நம் வீடு உங்களுக்குத் தெரியாததா? சமையலறையில் தும்மினால் ஹாலிலிருந்து மாமா என்னம்மா சளியா என்று கேட்பார். அவரை சோபாவில் வைத்துக்கொண்டு, அவரைப் பற்றி அவர் பெற்ற பிள்ளையிடமே நான் எப்படிப் பேசுவேன்? கடையிலிருந்து பேசலாமென்றால் அந்த நேரம் நீங்கள் வேலையில் இருப்பீர்கள். லீவில் வந்திருக்கும் உங்கள் வெல்டர் நண்பர் சனிக்கிழமை அங்கே திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

மேனேஜருக்குக் கண்ணில் சின்னத் தொந்தரவு என்று சொல்லியிருந்தேன். சின்னது இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அதன் இடது கண்ணையே எடுக்கப் போகிறார்கள். வீடியோவில் அதை ஒரு பக்கமாகவே காட்டிக்கொண்டிருந்தேனே, கவனித்தீர்களோ என்னவோ. வேலை ஒன்றும் செய்யாமல் வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி மேற்பார்வை பார்க்கிறது என்று நீங்கள்தான் அந்தப் பூனைக்கு அப்படிப் பெயர் வைத்தீர்கள். இப்போது மேற்பார்வையெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் தெருவில் எதனோடோ சண்டை போட்டுவிட்டு, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வந்து நின்றது. கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. டாக்டரம்மா ஒரு சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கு அடித்துப் பார்த்தார். கருவிழியில் நகம் கீறிப் புண்ணாகியிருக்கிறது, ஆழமில்லை, ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். நானும் துண்டில் சுருட்டி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, வேளை தவறாமல் ஊற்றினேன். என் கையெல்லாம் கீறல். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு எனக்கே களிம்பு சிபாரிசு செய்கிறார்கள்.

ஆறவில்லை. நாலாம் நாள் வெள்ளையாகப் படர்ந்தது. எட்டாம் நாள் கண் முழுக்கப் பால் படிந்ததுபோல் ஆகிவிட்டது. டாக்டரம்மா மருந்தை மாற்றினார். வேறு ஏதாவது ஊற்றுகிறீர்களா என்றும் கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. பதினோரு வருஷமா மருந்துக்கடைல நிக்கிறவகிட்ட கேக்கிற கேள்வியா இது என்று அங்கேயே கத்தினேன். கூடையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனேன். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் தெரிந்தது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது, அல்லவா? அவருடைய சொட்டு மருந்து காலியாகிவிட்டது என்று பாட்டிலை நீட்டினார். நான் கொண்டுவந்து கொடுத்த பாட்டில், இன்னும் பத்து நாளாவது வந்திருக்க வேண்டும். எப்படி மாமா என்றேன். சிரித்தார். பெருமையாகச் சிரித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதுக்கும் கண்ணுதானேம்மா, எனக்கு எவ்வளவு சீக்கிரம் தெளிஞ்சிச்சு, நீ ஒண்ணு ஊத்துற, நான் ஒண்ணு ஊத்தினா சட்டுன்னு ஆறிடும்ல என்றார். தினமும் நான் கடைக்குப் போனபிறகு மடியில் வைத்து ஊற்றியிருக்கிறார். அவரிடம் அது துண்டுகூட இல்லாமல் அடங்கி உட்காருமாம்.

அவர் மருந்து வீக்கத்தைக் குறைக்கிற மருந்து. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது வேண்டும். புண்ணான கண்ணில் ஊற்றினால் புண் ஆறாமல் கருவிழியை அரித்துக்கொண்டு உள்ளே போகும். அதைக் கேட்டு வருகிறவர்களிடம், கண்ணுல புண்ணு இருந்தா ஊத்திடாதீங்க என்று தினமும் சொல்கிறவள் நான். ஃபிரிட்ஜ் கதவில் அவர் பாட்டிலையும் பூனை பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் நான்தான். ஊருக்கெல்லாம் சொன்ன வாய்க்கு வீட்டில் சொல்லத் தோன்றவில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அலுப்பில் நின்றுகொண்டிருந்தேன், கொட்டிவிட்டேன். நீங்கதான் மாமா அது கண்ணைக் கெடுத்தீங்க என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியும் ஒரு கோழிக்குஞ்சுகூட என் சக்கரத்தில் பட்டதில்லை என்று சொல்லிக்கொள்கிற மனிதர். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பழைய டாக்டரம்மாவிடமே போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் குத்திக்காட்டவில்லை. கருவிழி ஓட்டையாகிவிட்டது, வலியோடு வைத்திருப்பதைவிட எடுத்துவிடுவது நல்லது என்றார்.

ஆனால் நான் உங்களுக்கு எழுதுவது பூனைக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாமா தன் கண்ணுக்கும் மருந்து ஊற்றுவதில்லை. புதுப் பாட்டில் கொண்டுவந்தேன், சீல்கூட உடைக்கவில்லை. நான் ஊற்றுகிறேன் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அதுக்கில்லாத கண்ணு எனக்கு மட்டும் எதுக்கு என்கிறார். கண் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன், இப்போது மருந்தை நிறுத்தினால் உள்ளே வீங்கிப் பார்வையே போய்விடலாம் என்கிறார்கள். இன்றோடு நாலு நாள். கெஞ்சிவிட்டேன், திட்டியும்விட்டேன். என் வாயால் வந்த வினை என் வாயால் தீர மாட்டேன் என்கிறது. நீங்கள் பேசினால் கேட்பார். நான் சொல்லித்தான் பேசுகிறீர்கள் என்று மட்டும் தெரியவேண்டாம்.

வெள்ளிக்கிழமை, மாலை

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், நடந்தது நடந்ததுதானே.

நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் கொண்டுவந்தேன். கண் இருந்த இடத்தில் தையல், கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு. கூடையைத் திறந்ததும் தள்ளாடிக்கொண்டு, கதவில் முட்டி, நாற்காலியில் முட்டி, நேராக மாமாவிடம்தான் போனது. சோபாவில் ஏறப் பார்த்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை போல, பாதியில் தவறிக் கீழே விழுந்தது. மாமா குனிந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தை போன அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பூனையின் வலது கண்ணிலும் லேசான சிவப்பு இருக்கிறது, இருப்பது அது ஒன்றுதான், அதற்குத் தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். துண்டை எடுக்கவில்லை. மாமா, நீங்க பிடிச்சுக்குங்க, நான் ஊத்துறேன் என்றேன். பிடித்துக்கொண்டார். அது அசையவே இல்லை. ஊற்றி முடித்து நான் எழுந்திருக்கப் போக, அவர் தலையைச் சாய்த்து, எனக்கும் ஊத்திடும்மா என்றார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவருடைய புதுப் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். அவர் கண்ணை மூடியிருக்கும்போதே சொல்லிவிடவேண்டும் என்று, அன்னைக்கு நான் பேசினது தப்பு மாமா, என்மேலதான் தப்பு என்றேன். சரி சரி, கன்னத்துல வழியுது பாரு, துடை என்றார்.

இனி நீங்கள் அவரிடம் பேச வேண்டியதில்லை. பேசினாலும் பூனை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

ஆனால் எந்த மருந்துப் பாட்டிலையும் அவர் கையால் தொடுவதில்லை. அவருடையதைக்கூட. என் கைல குடுக்காதம்மா என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். காலையில் நான் இருக்கிறேன், ராத்திரி இருக்கிறேன். மத்தியான வேளைக்கு என்ன செய்வது? இன்று கடையிலிருந்து ஓடிவந்து, நின்றபடியே இரண்டு பேருக்கும் ஊற்றிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி ஓடினேன். ஒரு நாள்னா பரவாயில்லம்மா, தினமும்னா எப்படி என்று முதலாளி கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். மாமாவுக்கு அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு வருடம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடட்டுமா என்று முந்தாநாள் போனில் கேட்டீர்கள். உங்க இஷ்டம் என்று சொன்னேன். மாமா பக்கத்தில் இருந்தார், வேறு என்ன சொல்ல? அதை என் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் நிற்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்களவள்