வைத்தியருக்கும் காய்ச்சல் வரும்

என்னங்க,

தொற்று வார்டில் ஆள் குறைவு என்று கூப்பிட்டுவிட்டார்கள், கிளம்புகிறேன். அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. உங்கள் அறை வாசலில் ஸ்டூல்மேல் கஞ்சியும் மாத்திரையும் இருக்கின்றன. பிளாஸ்கில் கஷாயம்.

நேற்று நான் கத்தியது கோபத்தில் இல்லை, பயத்தில். ஊருக்கே மூலிகை வைத்தியம் பார்க்கிறவர் தனக்கு மாத்திரையே வேண்டாம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? கஷாயத்தில் என்னென்ன சேருகிறது என்று சொல்லி எங்கள் வார்டு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தாராளமா குடிக்கட்டும். ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட" என்றார்.

விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைத் தொண்ணூற்று நாலுக்குக் கீழே காட்டினால் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே கூப்பிடுங்கள்.

பி.கு.: கஷாயம் நான் காய்ச்சியது. பதம் தப்பியிருந்தால் போன் பண்ணித் திட்டுங்கள். திட்டுகிற அளவுக்கு மூச்சு இருந்தால் எனக்கு அதுவே போதும்.