பார்க்காமலே போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, சின்னவள் மூவரும் சுகம், என் வலது கையைத் தவிர. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அப்பா வாசிக்கச் சொன்னால் தாண்டி வாசித்துவிடுவேன்.)

பதறாதே, போன திங்கட்கிழமை குளியலறைக் கண்ணாடியைக் கழற்றும்போது அது நழுவி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. (தினமும் அந்த முகத்தையே பார்த்து அதற்கும் சலித்திருக்கும்.) ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உன்னைப் போலவே பயிற்சி டாக்டர் ஒருவர், உன் வயதுதான், ஏழு தையல் போட்டார், அம்மாவே மெச்சுகிற நேர்த்தி. எல்லாம் முடிந்த பிறகு பெரிய டாக்டர் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டி எப்படிப் போட்டான் என்று என்னைக் கேட்டார், தங்கமான பிள்ளை, நூற்றுக்கு நூறு போடுங்கள் என்றேன். காயத்தை அவர் பார்க்கவே இல்லை, அந்தத் தம்பி நீட்டிய பயிற்சி மதிப்பீட்டுத் தாளில் 'மேற்பார்வை இல்லாமல் செய்யத் தகுதியானவர்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போய்விட்டார். நானே பாஸானதுபோல் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தால் சுண்டுவிரல் மடங்கவில்லை. உள்ளே விரலை மடக்குகிற தசைநாண் அறுந்திருக்கிறதாம், தைப்பதற்கு முன் ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமாம். யாரும் மடக்கச் சொல்லவில்லையே. (தாளில் அவர் கைதேர்ந்தவர், கைதான் தேறவில்லை.) நேற்று ஆபரேஷன் ஆயிற்று, விரல் பழையபடி வருமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்கிறார்கள்.

அதுகூட என்னை இப்படி உலுக்கவில்லை. இன்று காலை அந்தத் தம்பி வந்து கட்டில் ஓரமாக நின்றார், முகத்தில் ரத்தமே இல்லை. மடக்கிப் பார்க்க வேண்டும் என்று படிக்கவில்லையா என்று கேட்டேன். "படிச்சிருக்கேன் சார். ஆனா நான் தைக்கறப்ப பக்கத்துல நின்னு ஒருத்தரும் பார்த்ததில்ல. பன்னெண்டு தாள்லயும் கையெழுத்து மட்டும் இருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் காரில் ஏறும்போது மறித்து, நீ தையல் போட்டதற்கான ஆறு தாளிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்று போன மாதம் போனில் சொன்னாயே, சாமர்த்தியக்காரி என்று சிரித்தது நான்தானே. (அக்கா, இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை.)

அந்த ஆறையும் இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும் என்றாய். கொடுக்காதே. நான் செய்யும்போது நின்று பாருங்கள் சார், தப்பைத் தப்பென்றே எழுதுங்கள் என்று உன் பெரிய டாக்டரிடம் போய்க் கேள். கோபித்தால் கோபிக்கட்டும், பயிற்சி முடிய ஆறு மாதம் தள்ளிப்போனால் போகட்டும். உன் கை தொட்டவர்களெல்லாம் நல்லபடி எழுந்து நடக்கட்டும், நீ நன்றாயிரு. ஒன்றை மட்டும் மறக்காதே: நீ கைக்காயம் தைத்து அனுப்பியவர்களின் போன் நம்பர் அங்கே இருக்கும், இன்றைக்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விரலை மடக்கிப் பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா