திறக்கும் மூடி

மச்சானுக்கு, ஸலாம்.

"எம் பொஞ்சாதி எப்ப வாறா?" என்று ஆள்விட்டுக் கேட்டிருந்தீர்கள். வடமதுரையில் என்னைப் பெத்த அத்தா வீட்டில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் பொம்மை டாங்கியைப் பற்றித்தான் இங்கேயும் பேச்சு. உங்கள் ரிப்பேர் கடையில் கிடந்த ரேடியோக்களைப் பிரித்து, கம்பியே இல்லாமல் அதை ஓடவிட்டீர்கள். அத்தா பதனிட்ட தோலில் சக்கரங்களுக்குப் பட்டை தைத்தீர்கள். என் தம்பி பட்டாளத்தில் ஓட்டிய டாங்கியின் எண்ணையும் எழுதினீர்கள். பொத்தானை அழுத்தினால் மேல்மூடி திறந்து, தொப்பி போட்ட பொம்மை எழுந்து சலாம் வைக்கிறது. கெட்டிக்காரர்தான்.

அதைத் தம்பி இறந்த நாற்பதாம் நாள், அவனுக்காக ஓதும் பாத்திஹாவுக்கா தூக்கிக்கொண்டு வருவது?

வந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா மட்டும், "மாப்பிள்ளை, இன்னொருக்கா தொறங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரசிக்கிறார் என்று நினைத்து நீங்களும் அழுத்திக்கொண்டே இருந்தீர்கள்.

எல்லையில் குண்டு பட்டு டாங்கி எரிந்தபோது மேல்மூடி திறக்கவில்லை என்று தம்பியின் படையில் இருந்த சிப்பாய் எழுதியிருந்தார். அதை உங்களுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். அந்தப் பொம்மைக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டே "ம்" என்றீர்கள்.

இனி ஆள் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா